வீட்டுப் பொடி

சன்னல் ஓரத்துல நீங்க இருக்கிய, அதனால கேக்கேன் அண்ணாச்சி. இந்த வண்டி சாத்தூர் ஊருக்குள்ள போகுமா, பைபாஸ்லயே எறக்கி விட்டுருவானா? ஏறும்போதே கண்டக்டர்ட்ட கேட்டேன். தலைய ஆட்டுனான். போகும்னு ஆட்டுனானா போகாதுன்னு ஆட்டுனானா, அதுதான் தெரியல. இன்னொரு தடவ கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவான். எறங்குத எடம் தெரியாம மனுசன் எப்படி நிம்மதியா உக்காந்து வர முடியும், சொல்லுங்க.

நான் காலை ஆட்டிக்கிட்டே இருக்கேன்னு பாக்கியளா? ஒங்களுக்கு எடஞ்சலா இருந்தா சொல்லுங்க, நிப்பாட்டிருதேன். பொண்டாட்டியக் கூப்பிடப் போறேன். கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனவள. இதுல என்ன வெக்கம் இருக்கு? ஊர்ல நடக்காததா? ஆனா காரணத்தக் கேட்டா நீங்க சிரிப்பிய. மசாலாப் பொடி அண்ணாச்சி. மசாலாப் பொடிக்காக ஒருத்தி வீட்ட விட்டுப் போவாளா?

பாளையங்கோட்டையில நமக்கு ஒரு கடை. சிங் பார்பிக்யூன்னு போர்டு போட்டிருக்கும். என் பேரு தனசிங். போர்டப் பாத்துட்டு பஞ்சாப்காரன் கடைன்னு நெனச்சு ரெண்டு பேரு இந்தி பேசிக்கிட்டே உள்ள வருவானுவ. வரட்டும்னு விட்டுருவேன். கோழி, காடை, எப்பவாச்சும் மீனு. எல்லாம் கரிக் கங்குல சுடுறதுதான்.

இதுல ஒரு விசயம் இருக்கு. கொழம்புன்னா தேங்கா இருக்கு, தக்காளி இருக்கு, வெங்காயம் இருக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் இன்னொண்ணு தூக்கி விட்டுரும். இது அப்படி இல்ல. கோழியக் கழுவி, தண்ணி வடிய விட்டு, கத்தியால கீறி, பொடிய அழுத்தித் தேச்சு கங்கு மேல வச்சிர வேண்டியதுதான். எண்ணெய்கூட கடைசியிலதான் தடவுவோம். ருசி பூரா அந்தப் பொடியிலதான் நிக்கி. நான் கடை ஆரம்பிச்சதுல இருந்து அந்தப் பொடிய எமீமாதான் பண்ணிக் குடுத்துக்கிட்டு இருந்தா. எமீமாதான் எங்க வீட்டம்மா.

அவ அதுக்குப் படுற பாடு இருக்கே. மிளகா வத்தலையும் மல்லியையும் மாடியில காயப் போடுவா. காக்கா வந்துராம பக்கத்துலயே உக்காந்திருப்பா. நல்லமிளகு, சீரகம், சோம்பு, கல்பாசி எல்லாம் தனித்தனியா வறுக்கணும். சேத்து வறுத்தா ஒண்ணு கருகும், ஒண்ணு பச்சையா நிக்கும்பா. மில்லுக்குப் போனா மொதல்ல ஒரு கை அரிசியப் போட்டு ஓட்டச் சொல்லுவா. முந்தி அரைச்சவங்க பொடி நம்ம பொடியில ஒட்டிரக் கூடாதாம். மில்லுக்காரன் எங்கிட்டயே சொல்லிச் சலிச்சிருக்கான். வெள்ளிக்கிழமையானா ஒரு பெரிய டப்பா நெறைய அரைச்சு வண்டியில வச்சு விடுவா. நான் காலி டப்பாவத் திருப்பிக் கொண்டாந்து குடுப்பேன்.

ஒரு நாளும் அவ பொடிய நான் கொறை சொன்னதில்ல. ஆனா நல்லாருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்லைன்னு இப்ப கேக்கா. கொறை சொல்லலைன்னா நல்லாருக்குன்னுதான அர்த்தம்? அத வேற வாயத் தெறந்து சொல்லணுமா? நீங்க ஒங்க வீட்டுல தெனமும் சொல்லுவியளா? சரி, அத விடுங்க.

இந்தா கயத்தாறு வந்துட்டு பாருங்க. கரண்டு எடுக்குத காத்தாடியெல்லாம் சுத்துது. போன்ல டவர் இருக்கான்னு பாத்துக்கிடுதேன். மச்சான், அவ அண்ணன், கூப்பிடுதேன்னு சொல்லியிருக்காவ.

போன வருசக் கடைசியில ஒரு ஏஜெண்டு பய வந்தான். கழுத்துல டை, கையில பேக்கு. பார்பிக்யூவுக்குன்னே தனியாப் பொடி போடுதோம் சார், இத ஒரு தடவ தேச்சுப் பாருங்கன்னு கருப்புக் கலர் பாக்கெட்ட நீட்டுனான். முன்னால தாடி வச்ச ஒருத்தன் படம், பின்னால தீ எரியுது. தேச்சுப் பாத்தோம். காலேஜ் பயலுவ தின்னுட்டு, அண்ணாச்சி இன்னைக்கு ஸ்மோக்கியா இருக்குன்னாவ. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நம்ம வீட்டுப் பொடி ஒரு வாரம் ஒறைப்பு தூக்கலா இருக்கும், ஒரு வாரம் கொறச்சலா இருக்கும். பாக்கெட்டுப் பொடி எப்பவும் ஒரே மாதிரி. கடைன்னா அதுதான வேணும். எமீமாவுக்கும் பாவம், வத்தல் வறுத்து வறுத்து இருமலு. அவ நல்லதுக்கும் சேத்துத்தான் பாத்தேன்.

ஆனா அவட்ட சொல்ல மனசு வரல. சொன்னா சங்கடப்படுவா. அதனால சொல்லல. என்னைய என்ன பண்ணச் சொல்லுதிய? அவ பாட்டுக்கு அரைச்சுக் குடுத்தா. நான் பாட்டுக்கு வாங்கிட்டுப் போயி கடை மாடியில, ஜெனரேட்டருக்குப் பின்னால அடுக்கி வச்சேன். கீழ பாக்கெட்டுப் பொடிதான் ஓடுச்சு. திருப்பிக் குடுக்கக் காலி டப்பா வேணும்லா, அதுக்குன்னே அதே மாதிரி டப்பாவா வாங்கிப் போட்டேன். புது டப்பாவ அப்படியே கொண்டு போனா கண்டுபிடிச்சிருவான்னு உள்ள கொஞ்சம் பாக்கெட்டுப் பொடியத் தடவி, தட்டிட்டுக் கொண்டு போவேன். பொண்டாட்டி மனசு நோவக் கூடாதுன்னு எந்தப் புருசன் இவ்வளவு மெனக்கெடுவான்? நீங்களே சொல்லுங்க.

கண்டக்டரு பின்னால வாரான். தம்பி, சாத்தூரு உள்ள போகும்லா? போகுமாம். சரி. இப்ப ஒழுங்கா வாயத் தெறந்து சொன்னான்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. எங்க சர்ச்சுல ஸ்தோத்திரப் பண்டிகை வந்துச்சு. வெளைச்சலுக்கு நன்றி சொல்லி வருசா வருசம் நடத்துவோம். பூசணிக்காயில இருந்து சேவல் வரைக்கும் காணிக்கையாக் கொண்டாந்து ஏலம் போடுவாவ. ராத்திரி எல்லாருக்கும் சாப்பாடு. எப்பவும் பிரியாணிதான். இந்த வருசம் நான் போயி கமிட்டியில பேசி, ஐயா ஒரு தடவ நம்ம பார்பிக்யூ போட்டுப் பாப்பமேன்னு கேட்டு வாங்கிட்டேன். நம்ம சபைக்கு முன்னால நம்ம கடைச் சாப்பாடு போகணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. அங்க தலை நிமிந்து நடக்கணும்லா.

அன்னைக்குன்னு பாத்து பாக்கெட்டு வரல. அந்த ஏஜெண்டு பய போனையே எடுக்கல. லாரி ஸ்டாண்டுல போயி நின்னு பாத்தேன், சரக்கே ஏறலைன்னுட்டான். கோழியெல்லாம் வெட்டி, கழுவி, கீறி ரெடியா இருக்கு. தேய்க்கப் பொடி இல்ல. நான் எதுக்குப் பதறணும்? மாடியிலதான் டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்கோமே. மேல இருந்த டப்பாவா நாலஞ்சத் தூக்கியான்னு இசக்கிட்ட சொன்னேன். இசக்கி நம்ம மாஸ்டரு. எங்கூடவே இருக்கவன், பிள்ளைகுட்டிக்காரன்.

அவன் டப்பாவத் தொறந்து மோந்து பாத்துட்டு, மொதலாளி இதுல வாசனையே இல்லியேன்னான். எனக்குக் கோவம் வந்துட்டு. அடுப்புப் புகையில நின்னு நின்னு எனக்கு மூக்கு போயி ரொம்ப நாளாச்சு, அதனால நான் மோந்து பாக்கல. ஏலே, பாக்கெட்டுல கண்டதையும் போட்டு வாசனையத் தூக்குதான், வீட்டுப் பொடின்னா அடக்கமாத்தான் இருக்கும், பேசாமத் தேய்யின்னுட்டேன். வீட்டுப் பொடிக்காக நான் அன்னைக்கு அவன்ட்ட எவ்வளவு பேசுனேன் தெரியுமா? அத எமீமா கேட்டிருக்கணும்.

பந்தி போட்டாச்சு. குருவானவர் ஜெபம் பண்ணி முடிச்சாரு. கோழி நல்லாச் செவப்பா, பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. மொத வாய் வச்சாவ. ஒருத்தரும் பேசல. நான் நல்ல ருசியில பேச்சு வரலைன்னு நெனச்சேன். பெறகு பாத்தா ஒவ்வொருத்தரா துண்ட எல ஓரத்துல ஒதுக்குதாவ. குருவானவர் மட்டும் மெல்லவும் முடியாம துப்பவும் முடியாமத் தண்ணிய எடுத்துக் குடிச்சாரு. சர்ச் செயலாளர் என்னையக் கூப்பிட்டு, தனசிங்கு, இது கோழியா மாட்டுத் தீவனமான்னு கேட்டாரு. அத்தன பேரு மத்தியில.

தவிடு அண்ணாச்சி. வெறும் கோதுமைத் தவிடு. வறுத்து, பொடிச்சு, மஞ்சப்பொடியும் கேசரிப் பவுடரும் கலந்து டப்பா நெறையக் குடுத்திருக்கா. உப்புகூட இல்ல.

பொம்பளைங்க பந்தியில அவளும் இருந்தா. நான் பாத்தேன். எல்லாரும் ஒதுக்கி வச்சாவ, அவ மட்டும் அந்தக் கோழியத் தின்னா. மெதுவா, எலும்பு வரைக்கும். தின்னுக்கிட்டே என்னையப் பாத்தா. அந்தப் பார்வை என்னன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

வீட்டுக்கு வந்து கத்துனேன். கத்தாம என்ன செய்வாவ? கட்டுன பொண்டாட்டியே புருசனுக்குத் தவிட அரைச்சுக் குடுத்து ஊர் முன்னால கேவலப்படுத்துனா, எவன் பொறுப்பான்? அவ பாத்திரம் கழுவிக்கிட்டே இருந்தா. நான் கத்தி முடிச்சதும் கையத் தொடச்சுட்டு வந்து நின்னா. சத்தமே போடல.

"ஒங்க சட்டையில ஒரு வாசன, டப்பாவுல ஒரு வாசன. ரெண்டும் என்னது இல்ல. மொத வாரமே தெரியும்"ன்னா.

தெரிஞ்சா கேக்க வேண்டியதுதான? அதத்தான் நானும் கேட்டேன். அதுக்குச் சொல்லுதா, நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்னு. வத்தலக் கொறச்சுப் பாத்தாளாம், நான் கேக்கலையாம். மிளக விட்டுப் பாத்தாளாம், கேக்கலையாம். உப்ப விட்டாளாம். அதுக்கும் ஒண்ணும் சொல்லாமக் காலி டப்பாவக் கொண்டாந்து நீட்டுனேனாம். கடைசியிலதான் தவிட அரைச்சாளாம்.

"அதையும் வாங்கிட்டுப் போனிய. தொறந்துகூடப் பாக்கல"ன்னா.

நான் தொறக்காம வச்சிருந்தது அவளுக்காகத்தான். அது அவளுக்குப் புரியல. மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா ஆளு இல்ல. துணி நாலு எடுத்துக்கிட்டு மொத பஸ்ஸுல சாத்தூருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. போன் பண்ணுனா எடுக்கல. வீடு எப்படி இருக்கு தெரியுமா? எங்க உக்காந்தாலும் எந்திரிச்சிரத் தோணுது. டீ போட்டாச் சக்கரை எங்க இருக்குன்னு தெரியல. கடைக்குப் போனா வீட்டுக்கு வரணும்னு இருக்கு, வீட்டுக்கு வந்தா கடைக்குப் போகணும்னு இருக்கு. இந்தா, இப்பக்கூட இந்த வண்டி இன்னும் வெரசாப் போனா என்னன்னு இருக்கு.

அப்புறம் ஒரு நாள் மாடியில ஏறி எல்லா டப்பாவையும் எறக்குனோம். தவிட்டையெல்லாம் கொட்டிரலாம்னுதான். இசக்கி ஒவ்வொண்ணாத் தொறந்து நாக்குல வச்சுப் பாத்தான். மேல இருந்ததெல்லாம் தவிடு. அதுக்குக் கீழ உப்பில்லாதது. அதுக்கும் கீழ மிளகில்லாதது, பெறகு வத்தல் கொறஞ்சது. அவ சொன்ன வரிசை மாறாம அப்படியே இருந்துச்சு. எல்லாத்துக்கும் அடியில இருந்தது, நான் பாக்கெட்டுக்கு மாறுன புதுசுல அவ அரைச்சது. அதத் தொறந்ததும் இசக்கி எந்திரிச்சு நின்னுட்டான். மொதலாளி, இது பழைய பொடி இல்ல, இதுல என்னமோ புதுசாச் செஞ்சிருக்காவன்னான். ஏலக்கா, ஜாதிபத்திரி, சுக்கு எல்லாம் கூடச் சேத்திருக்காளாம். லேசா ஒரு இனிப்பு இருக்காம். அந்தப் பாக்கெட்டுப் பொடியிலயும் அதே மாதிரி ஒரு இனிப்பு இருக்கும்னு இசக்கி சொல்லுதான். அதுல சீனி. இவ கருப்பட்டியத் தட்டிக் காயவச்சுப் போட்டிருக்கா. பாக்கெட்டுல இனிப்பு இருக்குன்னு இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான்தான் பாக்கெட்டக் கண்ணுலயே காட்டலியே. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, எனக்கு இன்னும் வெளங்கல.

நல்ல டப்பா கொஞ்சம்தான் தேறுச்சு. அன்னைக்குச் சாயங்காலமே தேச்சுப் போட்டோம். அண்ணாச்சி, கடையில உக்கார எடமில்ல. தின்னுட்டுப் போனவன் வீட்டுக்குப் பார்சல் வாங்க மறுபடி வாரான். சர்ச் செயலாளர்கூட மகன அனுப்பிச்சு வாங்கிட்டுப் போனாரு. பாக்கெட்டெல்லாம் ஒரு மூலையில கெடக்கு. அந்த ஏஜெண்டு பய இப்ப தெனம் போன் பண்ணுதான், நான் எடுக்கல.

நேத்தோட மத்ததெல்லாம் முடிஞ்சு இப்பக் கடைசி டப்பாவுல இருக்கோம். நேத்தே மச்சானுக்குப் போனப் போட்டு, நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் முன்னாலயே வரணும்னுதான் இருந்தேன். மச்சான் நல்ல மனுசன். வாங்க மாப்ள, ஆனா அவட்ட என்ன சொல்லணும்னு யோசிச்சுட்டு வாங்கன்னாவ. யோசிக்க என்ன இருக்கு? நடந்தது நடந்துபோச்சு, கெளம்புன்னு சொல்லுவேன். இல்ல, வீடு வீடா இல்லைன்னு சொல்லலாமா? எதுக்கு மொதல்ல அதச் சொல்லணும், அவ எப்படி இருக்கான்னு கேப்போம். ஏறுனதுல இருந்து இதத்தான் மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்துக்கிட்டு வாரேன். கோவில்பட்டியில டீ குடிக்க எறங்குனப்போ ஒண்ணு நல்லா வந்துச்சு. இப்ப அது மறந்துபோச்சு.

இருங்க, போன் அடிக்கி. மச்சான்தான்.

"சொல்லுங்க மச்சான். வந்துக்கிட்டே இருக்கேன். சாத்தூர நெருங்கிட்டோம். ஆங்? யாரு? எமீமா? எமீமாவா பேசுத?

"ஆமா. ஒன்னையக் கூப்பிடத்தான் வாரேன்.

"எதுக்குன்னா... பொடி தீந்துபோச்சு.

"ஒம் பொடிதான். அடியில இருந்த டப்பா. ஆமா, கருப்பட்டி போட்டது. கடைசி டப்பாதான் மிச்சம். நல்லா ஓடுது. எல்லாரும் நல்லாருக்குன்னாவ. இசக்கி சொன்னான், செயலாளர் சொன்னாரு...

"நானா?

"ஏ எமீமா, நான்...

"இல்ல. தின்னு பாக்கல.

"எப்பவுமே பாத்ததில்ல. கடையில எனக்கு அந்தப் புகை பட்டாலே திங்கத் தோணாது. நீ வீட்டுல வைக்கிற ரசத்தக் குடிச்சாத்தான்...

"ஏ, வச்சிராத. ஏ எமீமா."

வச்சிட்டா.

என்ன கேட்டா தெரியுமா? எல்லாரும் சொன்னத விடுங்க, ஒங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா. நல்லாருந்துச்சுன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். இத்தன மாசம் பொய் சொன்னவனுக்கு அந்த ஒண்ணு வாயில வரல. உள்ளதச் சொல்லிட்டேன். மூச்சு விடுறது மட்டும் கேட்டுச்சு. அழுதாளோ என்னமோ. பெறகு சொல்லுதா, "அப்ப தின்னுட்டு வாங்க"ன்னு. அவ்வளவுதான். சாத்தூருக்கு வந்துட்டேன் அண்ணாச்சி, இன்னும் பத்து வீடு தள்ளி நிக்கிற மாதிரிதான், இப்பப் போயி தின்னுட்டு வாங்கங்கா.

கடை வச்சிருக்கவன் எவன் தன் கடைக் கோழியத் திம்பான்? தெனமும் பாத்துக்கிட்டு இருக்கதுதான. நான் என்ன, ருசி பாக்கவா கடை வச்சேன்? அவ பொடிய ஊரே தின்னிருக்கு. இசக்கி தின்னிருக்கான். அந்த ஏஜெண்டு பயகூட ஒரு நாள் தின்னான். நான்...

நான் ஒருத்தன்தான் திங்கல.

பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. எறங்குதேன் அண்ணாச்சி. இல்ல, மச்சான் வீட்டுக்கு இல்ல. எதுத்தாப்புல திருநெல்வேலி வண்டி நிக்கி பாருங்க, அதுலதான் ஏறணும். அது கெளம்புததுக்குள்ள ஒரு போன் போட்டுக்கிடுதேன். இந்நேரம் இசக்கி சாயங்காலத்துக்குத் தேய்க்க ஆரம்பிச்சிருப்பான். எடுக்கானான்னு பாப்போம்.

"ஏலே இசக்கி, அந்தக் கடைசி டப்பாவுல கைய வச்சிட்டியா? எல்லாத்தையும் தேச்சாச்சா? அடியில? அடியில பாருலே. நல்லாச் சாச்சுப் பாரு.

"ஒட்டிக்கிட்டு இருக்குலா, அது போதும். கரண்டிய வச்சுச் சொரண்டி எடு. ஒரே ஒரு கால்துண்டுக்குத் தேச்சு எடுத்து வை. நான் வார வரைக்கும் கங்குல வைக்காத.

"பார்சல் இல்லலே. யாரும் ஆர்டர் சொல்லல. எனக்குத்தான்."